பேச்சு நீக்கப்பட்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ரவாங் வீட்டு வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். வயது நாற்பதை ஒட்டி இருக்கும்.

"ஏர்கோன் அங்கிள் வீடுதானே?"

வீட்டில் அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் கெட்டுப்போனவர்கள்தான் என்னை அந்தப் பெயரால் தேடி வருவார்கள். அதனால், பிள்ளைகளே, உங்கள் அம்மா, "ஞாயித்துக்கிழமை அவரு வேலைக்குப் போறதில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே கதவைப் பாதி சாத்திவிட்டாள்.

"வேலைக்கு இல்ல ஆன்டி. நான் தனபாலன் மகள், லோகா. மேடையில அறிவிப்பு செய்வாரே, அந்தத் தனபாலன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிள்ளைகளே, உங்களுக்குத் தனபாலனைத் தெரியாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மெல்லிசைக் கச்சேரி நடந்தால் பாடுகிறவர் மாறுவார், வாத்தியக் குழு மாறும், மண்டபம் மாறும். ஒலிபெருக்கிக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "அடுத்ததாக" என்று சொல்கிறவர் மட்டும் மாறவே மாட்டார்.

லோகா உட்கார்ந்தாள், ஆனால் காப்பியைத் தொடவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததாம். உயிரைக் காப்பாற்ற குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சாப்பிடுகிறார், நடக்கிறார், எல்லாம் சரி, பேச்சு மட்டும் இல்லை. சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுகிறார். கைப்பேசியில் இருப்பதெல்லாம் நோய் வந்த பிறகு எடுத்த இரண்டு பிறந்தநாள் வீடியோக்கள்தான், அவற்றிலும் கரகரத்த குரல்தான் கேட்கிறதாம். மேடைக் குரல் வீட்டில் ஒரு துண்டு கூட இல்லை.

"எங்கயும் வர மாட்டேங்கிறாரு அங்கிள். கூட்டத்தப் பாத்தா உள்ள போயிடறாரு. என் மக தாத்தாவுக்குப் பிறந்ததுல இருந்தே பேச வராதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. போன வாரம் எழுதிக் காட்டினாரு, பழைய குரல ஒரு தடவ கேட்டா போதும்னு. ஏர்கோன்காரர்கிட்ட இருக்கும், அவரு எப்பவும் ஸ்பீக்கர் பக்கத்துலதான் நிப்பாருன்னு எழுதினாரு."

நான் சிரித்துக்கொண்டே அலமாரியைக் காட்டினேன். முந்நூற்றுச் சொச்சம் கேசட்டுகள், தூசி படாமல், முதுகில் எழுத்தோடு வரிசையாக நிற்கின்றன.

"அவ்வளவுதானாம்மா? அடுத்த ஞாயிறு நானே கிள்ளானுக்குக் கொண்டு வர்றேன்."

எவ்வளவு தாராளம் பாருங்கள். கொடுத்துச் சிவந்த கை என்று என்னைப் பற்றி அன்றைக்கு யாராவது ஒரு பாட்டு எழுதியிருக்கலாம்.

எங்கள் சபை

இதைப் புரிந்துகொள்ள நாங்கள் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர்களாக இருந்தோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சினிமாப் பாட்டைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் என்ன பெருமை இருக்கிறது? மேடையில் பாடும்போது பாடகர் ஒரு சரணத்தைக் கூடுதலாக இழுப்பார், இல்லையென்றால் வரியை மறந்துவிட்டு ராகத்தில் சமாளிப்பார். அந்த ஒரு மறதி உங்களிடம் இருந்து அடுத்தவனிடம் இல்லை என்றால், அந்த வாரம் முழுவதும் சோறே தேவையில்லை. இப்படிப்பட்ட ஞானிகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாய் கடையின் மூலை மேசைதான் எங்கள் சபை.

சபைக்குச் சட்டம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று. கேசட்டுக்குக் கேசட்டுதான், காசுக்குக் கிடையாது. காசு வாங்கினால் அது வியாபாரமாகிவிடும், நாங்கள் கலைக்குத் தொண்டு செய்கிறவர்கள் அல்லவா? மூலப் பதிவு வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, நகல்தான் வரும். மாற்றிக்கொள்வதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முதல் நிமிடத்தைக் கேட்போம். குழம்பில் உப்பு பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவோம். பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்கள் எங்களைப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

சபைத் தலைவர் கிள்ளான் செல்வராஜு. அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. எல்லாப் பதிவுக்கும் தட்டச்சில் பட்டியல் வைத்திருந்தார். மண்டபம், பாடகர், பாட்டுகள், தரம் என்று வரிசையாக இருக்கும். முதல் தரம் என்றால் கடைசிக் கட்டத்தில் இரண்டே சொல்: பேச்சு நீக்கப்பட்டது.

கேசட்டின் ஒரு பக்கம் முக்கால் மணி நேரம்தான் ஓடும். கச்சேரியோ நான்கு மணி நேரம். தனபாலன் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் பேசுவார். முன் வரிசையில் யார் வந்திருக்கிறார்கள் என்பார். வெள்ளைக் கார் ஒன்று வழியை மறிக்கிறது என்பார். ஒரு குழந்தை தொலைந்து கிடைத்துவிட்டது, ஆனால் அப்பாவை இன்னும் காணவில்லை என்பார். நாங்கள் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்திருந்தோம்.

ஆகவே பேச்சு வரும்போது பதிவை நிறுத்த வேண்டும், பாட்டு தொடங்கும்போது ஓடவிட வேண்டும். மண்டபத்து ஏர்கோனைப் பார்த்துக்கொள்ள வந்தவன் என்ற சாக்கில் நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் நிறுத்தும் பொத்தானில் எனக்கு இருந்த தேர்ச்சி எந்தப் பட்டதாரிக்கும் கிடையாது. தனபாலன் மூச்சை உள்ளே இழுத்தாலே என் விரல் இறங்கிவிடும். "பாஸ், உங்க டேப்ல கத்தி வெச்ச மாதிரி இருக்கு லா" என்று செல்வராஜு சபையில் புகழ்ந்த அன்றைக்கு, நான் ரவாங்குக்கு ரயிலில் வரவில்லை, மிதந்துதான் வந்தேன்.

உங்கள் தாய்மாமன் கல்யாணத்தையும் நான்தான் பதிந்தேன். மேளமும் நாதஸ்வரமும் மட்டும் இருக்கும், வாழ்த்துரைகள் அத்தனையும் வெட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு பதிவுக்கு மட்டும் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.

"அப்பா, கச்சேரி நடத்துறவங்ககிட்ட அனுமதி கேட்டீங்களா?" என்று சின்னவள் இதைப் படித்துவிட்டுக் கேட்டாள். கேட்கவில்லை அம்மா. கலைக்குத் தொண்டு செய்கிறவர்களுக்கு அனுமதி எதற்கு என்று நினைத்தோம். அது தப்புதான். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்தவன் எழுதுகிறான் என்பதையும் மறைக்கவில்லை.

கச்சான் சத்தம்

எங்கள் சபையில் சேர ஒருவர் வந்தார். லோரி ஓட்டுகிறவர், பெயர் மணியம், கம்போங் மேடானில் வீடு. அவரும் கச்சேரி தவறாமல் போவார், பதிவும் செய்வார். ஆனால் அவர் பதிவு செய்கிற விதம் இருக்கிறதே! டேப் ரிக்கார்டரைப் பையோடு மடியில் வைத்து, பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கச்சான் கடலையை உடைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். கேசட் தீர்ந்து தானாக நிற்கும் வரை அதைத் தொடவே மாட்டார்.

அவர் கொண்டுவந்த முதல் கேசட்டைச் செல்வராஜுவும் நானும் காதில் வைத்துப் பார்த்தோம். கச்சான் உடைகிற சத்தம் கேட்டது. கைதட்டல், விசில். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. மணியத்தின் மனைவி அவரைத் திட்டினார். அதற்கெல்லாம் பின்னால், எங்கேயோ ரவாங்கில் நடப்பது போல, ஒரு பாட்டு.

செல்வராஜு இயர்போனைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். "மணியம், இது ரெக்கார்டிங் இல்ல. பாசார் மாலாம்."

இரவுச் சந்தை இரைச்சலாம். மேசையே சிரித்தது. மணியமும் சேர்ந்து சிரித்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே மாதிரி ஒரு கேசட்டோடு வந்தார், அதே சிரிப்புதான் கிடைத்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மேசையில் இடம் தாராளமாகிவிட்டது என்று செல்வராஜு காலை நீட்டிக்கொண்டார்.

ஒரு மூச்சு, இரண்டு எழுத்து

லோகா வந்துபோன மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கேசட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். பெரியவன் பழைய டேப் ரிக்கார்டருக்குப் புது ரப்பர் பெல்ட் வாங்கிப் போட்டுக் கொடுத்தான்.

முதல் கேசட்டில் பாட்டு, பாட்டு, பாட்டு. நடுவில் ஒரு 'டொக்'. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது கேசட் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்ன சுத்தம், என்ன கச்சிதம்! இருபதாவதில் சந்தேகம் வந்தது. நாற்பதாவதில் நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

பாட்டுகளை ஓட்டிவிட்டு, வெட்டிய இடங்களை மட்டும் கேட்டு ஐந்து நாள் போனது. இருபது வருடக் கச்சேரிகளிலிருந்து தனபாலன் என்று நான் கண்டெடுத்தது இவ்வளவுதான்: ஒரு கேசட்டில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம், இன்னொன்றில் "அடு". "அடுத்ததாக" என்பதில் மிச்சம் என் விரலுக்கு அடியில் போய்விட்டது.

"பேசாம அந்த மூச்ச மட்டும் கொண்டு போய்க் குடுங்க" என்றாள் உங்கள் அம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே. "இத்தன வருசம் வீட்டுல ஒரு அலமாரிய அடைச்சி வெச்சதுக்கு அதாச்சும் மிஞ்சிச்சே."

பெரியவன் ஆறுதலாக ஒரு வழி சொன்னான். "ஒரு நிமிஷக் குரல் இருந்தாலே போதும்பா. மிச்சத்த கம்ப்யூட்டரே பேசிடும்." ஒரு நிமிடத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது இரண்டு எழுத்து.

செல்வராஜுவுக்குப் போன் செய்தேன். வேலை ஓய்வு பெற்றாலும் பட்டியலைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருக்கிறார். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒன்னு கூட இல்ல பாஸ். நம்மகிட்ட எல்லாமே சுத்தம்" என்று பெருமையோடுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னேன். "அந்தாளு குரலையா தேடறீங்க?" என்றார். தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் ஒரே பெயரைத்தான் நினைத்தோம், அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனமில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன். கூட வருகிறீர்களா என்று கேட்டதும் செல்வராஜுவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிற நாளில் பெரிய மனிதர்களுக்கு முட்டி வலிக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றுக்கு ஒன்று

சனிக்கிழமை மத்தியானம் கம்போங் மேடான் ஃபிளாட்டில் நான்கு மாடி ஏறினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. கையில் ஒரு பொட்டலம். அதற்குள் என் அலமாரியின் கிரீடம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய பாடகர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சரணம் கூடுதலாகப் பாடிய இரவின் மூலப் பதிவு. வீட்டு வாசலைத் தாண்டி அது வெளியே வந்தது அன்றுதான்.

மணியமே கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்க, முதல் தரம்" என்றார்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தனபாலன் நிலைமை, லோகா, என் அலமாரியில் கிடைத்த மூச்சு. மூச்சைப் பற்றிச் சொன்னபோது அவர் வாயோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் மூடியில் கையை வைத்தபடியே கேட்டார்.

"ஒன்னுக்கு ஒன்னு. உங்க சட்டம்தானே அண்ணே?"

பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். எந்தக் கச்சேரி, எந்தப் பாட்டு, அந்த இரண்டு சரணம் எங்கே வருகிறது என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தனபாலன் பேச்சு இருக்கா?"

"இல்ல."

"கைத்தட்டு?"

"இல்ல."

"அப்ப இது எனக்கு வேணாம் அண்ணே. நீங்களே வெச்சிக்குங்க." கேசட்டை என் கையிலேயே திருப்பி வைத்தார். "உக்காருங்க. என்னோடது ஒன்ன முழுசா கேளுங்க, ரெண்டு பக்கமும். நடுவுல ஓட்டக் கூடாது. அதுதான் என் ஒன்னு."

கேட்டேன் பிள்ளைகளே. ஒன்றரை மணி நேரம், அசையாமல். கச்சான் பல் இடுக்கில் சிக்கிக்கொண்டதைக் கேட்டேன், அதை அவர் எடுத்ததையும் கேட்டேன். "பையில சோறு கெட்டுப்போகுது, பாட்டு எங்கயும் ஓடிப்போயிடாது" என்று ஓர் இளம்பெண் குரல் திட்டியது. சமையலறையிலிருந்து அதே குரல், கொஞ்சம் தடித்துப்போய், "அப்பவே சொன்னேன் பாருங்க" என்றது.

பிறகு கேசட்டில் தனபாலன் வந்தார்.

"கடைசி வரிசையில் நிற்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே. உங்களுக்கு உட்கார இடமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் இல்லை. நானும் பல வருடமாக நின்றுகொண்டுதான் இருக்கிறேன். யாரும் கேட்டதில்லை."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், விரலைப் பொத்தானில் அழுத்திக்கொண்டு நின்றேன். இத்தனை நல்ல நகைச்சுவையை அன்று காதில் வாங்கவே இல்லை. அவர் எப்போது முடிப்பார் என்று மட்டும்தான் காத்திருந்தேன்.

கேசட் முடிந்து பொத்தான் தானாக எகிறியது. நான் சொன்னேன், "மணியம், அன்னிக்கு பாய் கடையில நானும் சிரிச்சேன்."

"தெரியும் அண்ணே. அதுவும் ஒரு டேப்ல இருக்கு. அன்னிக்கு பையில இருந்தத நான் நிறுத்தவே இல்ல."

கிள்ளானில்

மறுநாள் காலை மணியத்தையும் பிஸ்கட் டின்னையும் டேப் ரிக்கார்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். லோகாவின் வீட்டு முன்னறையில் தனபாலன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு மெல்லிய துணி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, மேடையில் செய்வது போலவே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். குரல் மட்டும் வரவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்ததை நான் சொன்னேன். "அண்ணே, நீங்க நெனச்ச மாதிரி என்கிட்ட எதுவும் இல்ல. உங்க பேச்ச நான் பதிஞ்சதே இல்ல. எல்லாத்தையும் வெட்டிட்டேன்."

அவர் நோட்டை எடுத்து எழுதினார். அழகான கையெழுத்து, அவசரமே இல்லை.

'தெரியும். நான் வாயைத் திறந்ததும் உங்கள் விரல் போவதை மேடையிலிருந்து பார்ப்பேன்.'

அவர் நோட்டைத் திருப்பி அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்.

'இத்தனை வருடத்தில் ஒன்றிரண்டாவது தப்பியிருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் இவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியாது.'

என் வாழ்நாளில் என் பதிவுத் திறமைக்குக் கிடைத்த கடைசிப் பாராட்டு அது.

மணியம் கேசட்டைப் போட்டார். கச்சான் உடைந்தது. கூட்டம் இரைந்தது. தனபாலன் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அப்புறம் அந்த மூச்சு, முழுதாக. அதன் பின்னால் அந்தக் குரல் வந்தது. கணீரென்று, ஒரு குழைவோடு, கிள்ளான் முழுவதும் தன் வீடு என்பது போல.

லோகா தேத்தண்ணீர்த் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றவள் அங்கேயே நின்றாள். தனபாலனின் உதடுகள் கேசட்டோடு சேர்ந்து அசைந்தன. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. கடைசி வரிசை அண்ணன்மார்களிடம் வந்தபோது, கூட்டம் சிரிக்கும் வரைக்கும் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார். கூட்டம் சிரித்தது. மணியமும் சிரித்தார், கேசட்டிலும் அறையிலும்.

அறிவிப்பு முடிந்து வயலின்கள் எழுந்தன. அது பெரிய பாட்டு. அதே கச்சேரியின் அதே பாட்டு என்னிடம் முதல் தரத்தில் இருக்கிறது. அதற்காக ஈப்போவிலிருந்து ஒருவர் சபைக்கு ரயில் ஏறி வந்திருக்கிறார். பழக்க தோஷத்தில் நான் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

பாட்டு நின்றது.

கண்ணைத் திறந்தேன். தனபாலன் விரலை நிறுத்தும் பொத்தானில் வைத்திருந்தார். இன்னொரு கையால் நோட்டில் கோணலாக எழுதிக்கொண்டிருந்தார்.

'பாட்டு எல்லாரிடமும் இருக்கிறது.'

பிறகு அவரே கேசட்டை முன்னால் ஓட்டினார். பழக்கமில்லாத கை. நிறுத்தினால் பாட்டின் நடுவில் நின்றது, மறுபடி ஓட்டினால் கைதட்டலில் போய் நின்றது. "இன்னும் கொஞ்சம் முன்னால ஓட்டுங்க அண்ணே, ஒரு குழந்த அழும், அதத் தாண்டினா நீங்கதான்" என்று மணியம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த கேசட்டில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. இருபது வருடக் கலைத் தொண்டனாகிய நான், தேத்தண்ணீர்த் தட்டை லோகாவின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

லோகாவின் மகள் இவ்வளவு நேரமும் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து தாத்தாவின் முழங்காலில் கையை வைத்தாள். டேப் ரிக்கார்டரை அவள் பார்க்கவில்லை. தாத்தாவின் வாயைத்தான் பார்த்தாள்.

"தாத்தா, இன்னும் பேசுங்க லா."

அவர் பொத்தானை அமுக்கினார்.